4 வார வாத்துக்கு ஓயாத கழிச்சல்: மருந்தா, கொட்டகையா?

சிப்புட்_வாத்து கேட்டது:

வணக்கம். மலேசியா, பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கொட்டகை. 20 அடிக்கு 40 அடி, சிமெண்டுத் தரை, தகரக் கூரை, மூன்று பக்கம் கம்பி வலை. பீக்கிங் வாத்து 600, இன்று 27 நாள். தரையில் மரத்தூள், தொடக்கத்தில் 2 அங்குலம் போட்டது. மணித்தொட்டி (மணி வடிவத் தண்ணீர்த் தொட்டி) 12, கொட்டகை முழுக்கப் பரவலாகத் தொங்குகிறது. கிணற்றுத் தண்ணீர், 400 காலன் டேங்கி. மூன்றாம் வாரத்திலிருந்து தீனியில் கால் பங்கு செம்பனைப் புண்ணாக்கு.

எச்சம் தண்ணியாகப் போகிறது. சிலதில் தீனி செரிக்காமலே வருகிறது. வயிற்றுப் பக்க இறகெல்லாம் சேறு. ஒன்றுக்கொன்று எடை 600 கிராம் வரை வித்தியாசம். சாவு குறைவு, நாளுக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. தீனிக்கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை 5 நாள் தண்ணீரில் கலந்தால் நிற்கிறது, ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறது. இரண்டு முறை இப்படி ஆயிற்று. ஈரத்துக்குச் சுண்ணாம்பு தூவியும் நெடி கூடியதுதான் மிச்சம். இரவில் மழைக்காகக் கென்வஸ் முழுக்க இறக்கியிருக்கும்.

அடுத்து எந்த மருந்து கொடுக்கலாம்? தண்ணீரில் தயிர் கலந்தால் குடலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

உமிமூட்டை:

மருந்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. கோழி கூளத்தை, அதாவது தரையில் பரப்பிய மரத்தூளை, உமியை, கிளறும். வாத்து அப்படியில்லை, ஈரம் கண்ட இடத்தில் அலகை விட்டுச் சலித்து உள்ளே இழுக்கும். ஆக, உங்கள் தரையும் தீனித் தொட்டிதான். 12 மணித்தொட்டியைப் பரவலாகத் தொங்கவிட்டு, 12 இடத்தில் எச்சக் கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 20க்கு 40 என்றால் 800 சதுர அடி, ஏறக்குறைய 74 சதுர மீட்டர். 600 வாத்தை அதில் விட்டால் மீட்டருக்கு 8. விற்கும் வயதில் தரையில் வளரும் பீக்கிங்குக்கு 5க்கு மேல் போகக்கூடாது, அதாவது 370 வாத்துக்கான இடம் இது. இந்த வயதில் வாத்து தின்னும் தீனியைப்போல் 4 மடங்குக்குக் குறையாமல் குடிக்கும், எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 600 வாத்து நாளுக்கு 450 லிட்டருக்கு மேல் குடிக்கும், சிந்துவது தனி. 2 அங்குல மரத்தூள் இதை எத்தனை நாள் தாங்கும்?

கூளம் ஊறினால் இ.கோலை, கிளாஸ்ட்ரிடியம் போன்ற குடல் கிருமிகள் பெருகும். வாத்து அதை நாள் முழுக்க அளைந்து தின்னும். தீனிச் சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் குட்டையாகிவிடும். தீனி செரிக்காமல் வெளியே வரும், அதைத் தின்று கிருமி இன்னும் கூடும். அதிகம் அளைகிற வாத்துக்கு அடி அதிகம், உங்கள் எடை வித்தியாசத்தில் ஒரு பங்கு இதுதான்.

சுண்ணாம்பை நிறுத்துங்கள். எச்சத்திலுள்ள அம்மோனியம், காரம் ஏறினால் அமோனியா வாயுவாகப் பறக்கும். வாத்து இருக்கும்போது ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவுவது நெடியை நாமே கிளப்பிவிடுவது. வாத்தை ஏற்றி அனுப்பிய பிறகு, கழுவிக் காய்ந்த தரைக்கு அது சரி.

நெடியை நின்றபடி மோந்து பார்க்காதீர்கள், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வெளியே 10 நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போய், வாத்தின் தலை உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருங்கள். கண் எரிந்தால் அளவு மீறிவிட்டது. அமோனியா 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் கண், மூச்சு, தீனி எடுப்பு எல்லாம் கெடும், குடலின் உட்சுவரும் தப்பாது. கென்வஸை இறக்கினாலும் மேலே ஒரு அடி திறந்தே இருக்கட்டும்.

குழாய்_மேஸ்திரி:

அண்ணன் சொன்ன கூளம் காயவேண்டுமென்றால் தண்ணீரை ஒரு ஓரத்துக்குக் கொண்டுவரவேண்டும். 40 அடி நீளப் பக்கத்தில் 6 அடி அகலத்துக்கு மேடை கட்டுங்கள், மொத்தத் தரையில் அது 30 விழுக்காடு. தரையிலிருந்து 1 அடி உயரம், அதற்குக் குறைந்தால் அடியில் கழுவ முடியாது. மேலே இடைவெளி விட்ட பிளாஸ்டிக் சட்டத்தளம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை. கண் அளவு 3 வாரத்துக்குள் முக்கால் அங்குலம், அதற்கு மேல் 1 அங்குலம். பெரிய கண்ணில் குஞ்சின் கால் மாட்டும், சின்னக் கண்ணில் பெரிய வாத்தின் எச்சம் கீழே விழாமல் அடையும். மூங்கில் மலிவுதான், ஆனால் எச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது.

மேடைக்கு அடியில் சிமெண்டுச் சரிவு, 10 அடிக்கு 2 அங்குலம், கடைசியில் வெளி வாய்க்கால். ஏறும் சரிவுப்பலகை மேடையின் நீளம் முழுக்க இருக்கட்டும், பலகையின் சரிவு 4 அடிக்குக் குறையாமல். வாத்துக் கால் பலவீனமானது, செங்குத்தாக இருந்தால் ஏறாமல் தாகத்தில் கிடக்கும். எல்லாத் தொட்டியும் மேடைமேல். தீனித் தொட்டி கூளத்தில், மேடையிலிருந்து 5, 6 அடி தள்ளி. ரொம்பத் தள்ளிவிடாதீர்கள், வாத்து வாய் நிறையத் தீனியோடு தண்ணீருக்கு ஓடும் ஜாதி.

சிலர் முழுக்க நிப்பிளுக்கு, அதாவது அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் முனைக்கு, மாற்றுவார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கும், சிந்தல் குறையும், ஆனால் தலை முக்க இடமில்லாவிட்டால் கண்ணும் மூக்குத் துளையும் அடைத்துக்கொள்ளும். நிப்பிளோடு, நான்கு அங்குலக் குழாயை நீளவாக்கில் பிளந்து ஒரு திறந்த தொட்டியும் வையுங்கள். மேலே கம்பி போட்டு, தலை மட்டும் நுழையட்டும், உடம்பு நுழையக்கூடாது.

கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின் வேண்டும். 400 காலன் என்பது 1,818 லிட்டர். 5.25 விழுக்காடு கிளோராக்ஸ் (குளோரின் வெளுப்பு நீர்), வாசனை சேர்க்காதது, 100 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய 3 பிபிஎம். டேங்கியில் அளக்காதீர்கள், கடைசித் தொட்டியில் சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். அங்கே 2க்குக் குறைந்தால் குழாய்க்குள் வழவழப்பு பிடித்திருக்கிறது, அல்லது கிணற்றில் இரும்புச்சத்து அதிகம், அது குளோரினைத் தின்றுவிடும். வினிகரையும் கிளோராக்ஸையும் ஒரே வாளியில் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

தயிர் வேண்டவே வேண்டாம். பாலும் சர்க்கரையும் குழாயில் போனால் வழவழப்புக்கு விருந்து. குளோரின் இருக்கும் தண்ணீரில் தயிர்க் கிருமி எப்படியும் செத்துப்போகும்.

ரெபான்_ராணி:

மேஸ்திரி அண்ணே, பாதி மேடை எதற்கு? முழுக் கொட்டகையும் சட்டத்தளமாகப் போட்டால் எச்சத்தோடு தொடர்பே இருக்காதே.

இன்னொன்று, வெயிலை யாரும் சொல்லவில்லை. தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் 2 மணிக்கு வாத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது, சூட்டை வெளியேற்ற இரத்தம் தோல், கால், அலகு பக்கம் போய்விடும், குடலுக்குக் குறையும். குடல் சுவரின் இணைப்பு தளர்ந்து, உள்ளே இருக்கவேண்டிய கிருமி நஞ்சு இரத்தத்தில் கலக்கும். அதோடு தண்ணீரும் நிறையக் குடிக்கும். அதனால் பிற்பகல் எச்சத்தை வைத்து நோய் என்று முடிவு செய்யாதீர்கள், காலை 7 மணிக்குப் பாருங்கள். அப்போதும் தண்ணியாக இருந்தால் குடலில்தான் கோளாறு. விசிறி வாத்து உயரத்தில், தண்ணீர்ப் பக்கம் நோக்கி வீசட்டும். தீனியை விடியற்காலையிலும் 5 மணிக்குப் பிறகும் போடுங்கள்.

உமிமூட்டை:

வெயில் சொன்னது சரி, தங்கச்சி. முழுச் சட்டத்தளத்தில்தான் ஒத்துப்போக முடியவில்லை. எச்சத் தொடர்பு குறையும் என்பது உண்மை. ஆனால் அடியில் தேங்கும் எச்சத்தை வாரம் இருமுறை கழுவித் தள்ளாவிட்டால் அமோனியா நேராக மேலே வரும். கனத்த வாத்துக்குப் பாதத்தில் புண்ணும் வரும். குஞ்சின் குடலில் முதல் சில நாளில் குடியேறும் கிருமிகள் தரையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருபவை, காய்ந்த சுத்தமான கூளம் அதற்குக் கெடுதல் இல்லை. கழுவ ஆளும் தண்ணீரும் இருக்கிற பண்ணைக்கு முழுத் தளம் போடலாம்.

சிப்புட்_வாத்து:

நன்றி ஐயா, அண்ணே, அக்கா. மேடை அடுத்த தொகுதி வாத்துக்குத்தான் முடியும். விற்க இன்னும் 18 நாள். இந்த வாத்துக்கு இப்போது என்ன செய்யலாம்?

உமிமூட்டை:

முதலில் இடம். வெளியே தார்ப்பாய் நிழலில் வேலி போட்டு 230ஐப் பிரியுங்கள், குட்டை தேங்காத மேட்டில்.

12 தொட்டியையும் ஒரே ஓரத்துக்குத் தள்ளுங்கள். தொட்டி விளிம்பு வாத்தின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். அந்த ஓரத்தில் பழைய பாலேட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) போட்டு மேலே வலை ஆணியடித்தால் 18 நாளுக்குத் தாங்கும்.

கட்டி பிடித்த ஈரக் கூளத்தைச் சாங்குலால் (மண்வெட்டி) வெட்டி அள்ளுங்கள். அடியில் காய்ந்ததைத் தொடாதீர்கள். அதன்மேல் உமி 3 அங்குலம். 800 சதுர அடிக்கு 200 கன அடி, எடையில் 600 கிலோ வரும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மேலே 1 அங்குலம், தடவைக்கு 200 கிலோ. பாரிட் புந்தார் பக்க அரிசி ஆலைகளில் கேட்டுப் பாருங்கள், லோரி கூலிதான் பெரிய செலவு. ஒரு கைப்பிடி கூளத்தைப் பிழியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். விரித்ததும் உதிரவேண்டும். தூசியாகப் பறந்தால் அதுவும் தப்பு.

பூஞ்சை வாடை அடிக்கும் உமியை இறக்கவே விடாதீர்கள். வாத்துக்கு அதனால் நுரையீரல் நோய் வரும். தீனியில் பூஞ்சை இருந்தால் இன்னும் மோசம், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு அளவுக்குப் பயப்படவேண்டிய பறவை குறைவு. தொட்டி விளிம்பில் ஒட்டிய நனைந்த தீனியைத் தினமும் இருமுறை துடையுங்கள், நம் வெப்பத்தில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

ஆய்வக_மேசை:

மருந்து பற்றி. உங்கள் ஆன்டிபயாட்டிக் குடலில் கெட்டதோடு நல்லதையும் கொல்கிறது. குறிப்பாக இரண்டு குருட்டுக்குடலில் நாரைப் புளிக்கவைத்துக் குடல் செல்லுக்கு உணவு தரும் கிருமிகளை. மருந்து நின்றதும் காலியான இடத்தில் அதே தரையின் இ.கோலை குடியேறும், இம்முறை அந்த மருந்துக்குப் பழகியதாக. மூன்றாம் முறை கொடுக்கவேண்டாம். விற்க 18 நாள்தான் என்பதால், கொடுத்த மருந்தின் விலக்கு நாளை (மருந்துக்குப் பிறகு இறைச்சிக்கு விற்காமல் காத்திருக்கவேண்டிய நாள்) பாக்கெட்டில் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல கிருமி) என்றால் பேசிலஸ் என்ற கிருமியின் வித்து வகை, தீனியில் கலப்பது. தரை காய்ந்த பிறகு கொடுத்தால்தான் பலன். செம்பனைப் புண்ணாக்கைக் கால் பங்கிலிருந்து இறக்குங்கள், இந்த வாத்துக்கு முழுக்க நிறுத்தினாலும் நல்லது. அதிலுள்ள மன்னான் என்ற நார் குடலில் கொழகொழப்பைக் கூட்டி எச்சத்தை நனைக்கும். கொட்டை ஓட்டுத்துண்டு கலந்திருந்தால் குடலையும் உரசும்.

ஒட்டும் கரும்பழுப்பு எச்சம் நாளுக்கு ஒன்றிரண்டு முறை வந்தால் பயப்படாதீர்கள், அது குருட்டுக்குடல் எச்சம், இயல்பு. இரத்தம், பச்சை நீர்க் கழிச்சல், கழுத்து பின்னால் வளைவது, தலை ஆட்டம், ஒரே நாளில் பல சாவு, இதில் எது வந்தாலும் அன்றே மாவட்டக் கால்நடை அலுவலகம். வாத்து பிளேக், ரீமெரெல்லா, பாஸ்டுரெல்லா ஆகிய மூன்று தொற்றுநோயும் தொடக்கத்தில் சாதாரணக் கழிச்சல்போல் ஏமாற்றும். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருப்பது உங்களுக்கு வசதி. நோயோடு உயிருடன் இருக்கும் மூன்றும், அன்று காலை செத்தது இரண்டும் போதும். செத்ததை இரட்டைப் பையில் கட்டி ஐஸ் பெட்டியில், உறையவைக்காமல். உறைந்தால் திசு கிழிந்து குடலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த மருந்து, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சிப்புட்_வாத்து:

அள்ளிய பழைய கூளத்தைப் பக்கத்துச் செம்பனை மரத்துக்குப் போடலாமா?

உமிமூட்டை:

போடலாம், மக்கவைத்துவிட்டு. கொட்டகைக்கு மழைநீர் ஓடி வராத பக்கம் 4 அடி உயரக் குவியல், மேலே தார்ப்பாய், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடுங்கள். கூளம் ஏற்றிய சாக்கையோ தள்ளுவண்டியையோ தீனி ஏற்றத் திரும்பக் கொண்டுவராதீர்கள்.