மறு: நாணயத்தின் இரண்டு பக்கங்களுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பள்ளியில் வெள்ளிக்கிழமை நாணயக் கண்காட்சி. விளக்க அட்டைகள் புதன்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். அவற்றில் போடத்தான் நாணயத்தின் இரண்டு பக்கங்களுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

சிக்கல் எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுக்காக 2017இல் வெளியான 100 ரூபாய் நாணயத்தில். அட்டையில் ‘இசைப் புரவலர்’ என்று போட்டிருக்கிறேன். புறநானூற்றில் பாடுபவர் இரவலர், கொடுப்பவர் புரவலர். இந்த அம்மா பாடியும் கொடுத்தார். 1974இல் மகசேசே விருது அவருக்குப் பொதுச் சேவைக்காகத்தான் கிடைத்தது.

அரசு அறிவிப்பில் சிங்கத்தூண் இருப்பது ஆப்வர்ஸ் (முன்பக்கம்), உருவம் இருப்பது ரிவர்ஸ் (பின்பக்கம்). ‘தலை: சிங்கம், பூ: எம்.எஸ்.’ என்று எழுதி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் காட்டினேன். உருவத்தின் மேல் விரலை வைத்து, “தலை இங்கதானே சார் இருக்கு?” என்றான். வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் அரசர் தலை ஒரு பக்கம், பூவளையம் மறுபக்கம் என்று நம் குழுவில் ஐயா விளக்கியது சரிதான். ஆனால் அந்தத் தலை போய்ச் சிங்கம் வந்துவிட்டதே!

அக்கா சொன்ன ‘அகம், புறம்’ அழகு. ஆனால் ஒரு காசில் எது உள்ளே, எது வெளியே? ‘பின்பக்கம்’ என்று போட்டு அந்த அம்மாவை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், காசு அடிக்கும் இடத்துக்கு ‘அக்கசாலை’ என்ற சொல். மூன்று நாளாக அதே பேச்சு. பழைய சொல், நல்ல சொல். கொற்கைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் தங்கசாலைத் தெரு வழியாகத்தான் வருகிறார்கள். வள்ளலார் நகர் பேருந்து நிலையம் அவர்களுக்கு ‘மின்ட்’. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அங்கே காசு அடித்தார்கள் என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு தங்கசாலை என்ற சொல்லை நான் விடமாட்டேன்.

இப்போதைக்குச் சிங்கம் இருக்கும் பக்கத்தை ‘முகப்பு’, மறுபக்கத்தை ‘உருவப்பக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பலர். 1995 உலகத் தமிழ் மாநாட்டு வள்ளுவர் நாணயத்துக்கும் அது பொருந்துகிறது. உருவமே இல்லாத சாதாரணப் பத்து ரூபாய்க்கு என்ன செய்வாய் என்று ஐயா கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு அட்டையில் மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். செவ்வாய் இரவுக்குள் யாராவது ஒரு சொல் அனுப்புங்கள்.