'ரீகேபிட்யுலேஷன்' – 'நிலைமீள்வு' எனலாமா? ஹைடனின் சிம்பொனிகளை முன்வைத்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மேலையிசையின் சொனாட்டா வடிவத்தில் மெட்டுகளை அறிமுகம் செய்யும் முதற்பகுதி, அவற்றை அலசும் நடுப்பகுதி, தொடக்கச் சுருதிக்குத் திரும்பும் மூன்றாம் பகுதி என மூன்று உண்டு. இவற்றுள் மூன்றாம் பகுதியைக் குறிக்கும் 'ரீகேபிட்யுலேஷன்' என்னும் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை 'மறுகூறல்', 'தொகுத்துரை', 'முடிப்பு' ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் சிம்பொனிகளோடு பொருத்திப் பார்த்ததில், அங்கே உண்மையில் நடப்பதை இவற்றுள் எதுவும் சுட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. மாற்றாக 'நிலைமீள்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'சிம்பொனி' என்ற சொல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது நம் நாளிதழ்கள் அனைத்தும் அச்சொல்லையே எழுதின. அது தமிழில் ஊன்றிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

ஹைடனை உரைகல்லாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1732இல் பிறந்து 1809இல் மறைந்த அவர், 1750களின் பிற்பகுதியிலிருந்து 1795 வரை சிம்பொனிகளை எழுதிக்கொண்டே இருந்தார். 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் பணியில் சேர்ந்தபின், தம் கைவசமே இருந்த இசைக்குழுவைக் கொண்டு, எழுதியதை உடனே வாசிக்கச் செய்து கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. எண்ணிட்டு வழங்கும் சிம்பொனிகள் மட்டுமே 104. சொனாட்டா வடிவம் வளர்ந்ததையும், அது தன் விதிகளைத் தானே மீறியதையும் ஒருவர் படைப்புக்குள்ளேயே காண வேண்டுமானால் இங்குதான் காண முடியும். நாம் இப்போது மொழிபெயர்க்க முயலும் சொற்களோ அவர் காலத்துக்குப் பிந்தியவை. மெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு இவ்வடிவத்தை விளக்கும் முறை, 1840களில் ஜெர்மானிய இசையியலாளர் அடால்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸ் எழுதிய பாடநூலின் வழியாகத்தான் பரவியது. ஹைடன் உயிரோடிருந்தபோதே எழுதிய இன்னொரு ஜெர்மானிய இசையியலாளர் ஹைன்ரிக் கிறிஸ்டோஃப் கோக், சுருதி எங்கே செல்கிறது, எங்கே திரும்புகிறது என்பதைக் கொண்டே இதை விளக்கினார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பது நம் மரபு. ஆகவே பிற்காலப் பாடநூலின் சொல்லைவிட இசையையே முதலில் கேட்பது முறை.

104ஆம் சிம்பொனியின் முதல் அங்கத்தை, அதாவது அதன் தனித்தனிப் பெரும் பிரிவுகளுள் முதலாவதை, எடுத்துக்கொள்வோம். 1795இல் லண்டனில் அரங்கேறிய இதுவே ஹைடனின் கடைசிச் சிம்பொனி. டி மைனரில் (மேலையிசையில் ஒரே சுருதிக்கு மேஜர், மைனர் என இரு சாயல்கள் உண்டு) இசைக்குழு முழுவதும் ஒருசேர முழங்கித் தொடங்கும் மெதுவான முன்னுரை முடிந்ததும், டி மேஜரில், அதாவது நம் பாடகர்கள் கணக்கில் இரண்டு கட்டையில், வயலின்கள் அடங்கிய குரலில் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. பாடநூல் விதிப்படி சற்று நேரத்தில் வேறொரு சுருதியும் அதனோடு வேறொரு மெட்டும் வந்தாக வேண்டும். ஹைடன் சுருதியை ஏ மேஜருக்கு, ஆறு கட்டைக்கு, நகர்த்துகிறார். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் அதே மெட்டையே மறுபடி வாசிக்க வைக்கிறார். ஏ மேஜர்ப் பகுதி முடியும் தறுவாயில்தான் சிறியதொரு புதிய மெட்டு எட்டிப் பார்க்கிறது. அடுத்து வரும் நடுப்பகுதியில், முதல் மெட்டின் மூன்றாம், நான்காம் தாளக் கட்டங்களில் ஒரே சுரம் அடுத்தடுத்துத் தட்டப்படுகிறதே, அந்தத் துணுக்கை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கருவிக்குக் கருவி கைமாற்றி, சுருதிக்குச் சுருதி அலைய விடுகிறார். கேட்பவருக்கு நாம் எந்தச் சுருதியில் இருக்கிறோம் என்பதே பிடிபடாத அளவுக்கு நெருக்கடி முற்றியபின் டி மேஜர் திரும்புகிறது. இம்முறை சுருதி அங்கிருந்து நிலையாக எங்கும் குடிபெயர்வதில்லை; முன்பு ஏ மேஜரில் கேட்டவையும் டி மேஜருக்கு வந்து சேர்கின்றன.

இப்போது 'மறுகூறல்' என்ற சொல்லைப் பாருங்கள். அந்த மெட்டு முதற்பகுதியிலேயே இரண்டு முறை கூறப்பட்டுவிட்டது. அத்தோடு, முதற்பகுதியின் இறுதியில் மீண்டும் வாசிக்கச் சொல்லும் குறி இருப்பதால், அப்பகுதி முழுவதும் இன்னொரு முறையும் வாசிக்கப்படுகிறது. மூன்றாம் பகுதி வருவதற்குள் மெட்டு நான்கு முறை காதில் விழுந்திருக்கும். ஆகவே 'மறுகூறல்' என்றால், இயல்பாகவே அந்தக் குறியின்படி முதற்பகுதியைத் திரும்ப வாசிப்பதைத்தான் வாசகர் நினைப்பார். மூன்றாம் பகுதியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது மெட்டு திரும்புவது மட்டுமன்று. தொடக்கச் சுருதிக்கு எல்லாம் திரும்பி அங்கேயே தங்குவதுதான்.

'தொகுத்துரை'க்கு 45ஆம் சிம்பொனி விடை சொல்லும். 1772இல் எழுதப்பட்ட இது 'பிரியாவிடை' என்ற பெயரால் புகழ்பெற்றது. இறுதி அங்கத்தில் கலைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து செல்ல, இரண்டு வயலின்கள் மட்டும் எஞ்சும் காட்சியை எல்லோரும் அறிவர். முதல் அங்கத்தின் விந்தை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எஃப் ஷார்ப் மைனரில் கொந்தளித்துச் செல்லும் அந்த அங்கத்தின் நடுவில், டி மேஜரில், முன்பு எங்கும் கேட்டிராத அமைதியான மெட்டு ஒன்று வருகிறது. வந்தது போலவே போய்விடுகிறது. மூன்றாம் பகுதியில் அதற்கு இடமே இல்லை. கேட்டவர் மனத்தில் ஆழமாகத் தங்கும் மெட்டையே விட்டுவிடும் ஒரு பகுதியை எப்படித் தொகுத்துரை என்பது?

'எடுப்பு, தொடுப்பு, முடிப்பு' என்ற வரிசையை முன்மொழிந்த நண்பரின் நோக்கத்தை மதிக்கிறேன். தமிழிசை இயக்கம் பல்லவி, அனுபல்லவி, சரணம் ஆகியவற்றுக்கு நிலைநாட்டிய அழகிய சொற்கள் அவை. ஆனால் அதனாலேயே அவை இங்கு ஆகா. ஒரு கிருதியில் அனுபல்லவிக்குப் பிறகும் சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்புகிறோம். அந்த நேரம் முழுவதும் தம்புரா ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ராகத்தின் வேறொரு சுரத்தை ஆதாரமாகக் கொண்டு வேறு ராகத்தைக் காட்டும் கிரகபேதத்தின்போதும் தம்புரா அசைவதில்லை. சொனாட்டா வடிவத்தின் உயிரோ அந்த அடித்தளம் இடம் பெயர்வதிலும் மீள்வதிலும் இருக்கிறது. கர்நாடக இசைக் காதுக்கு மிகவும் அந்நியமானது இந்த ஒன்றுதான். நம் கலைச்சொல் அதை மறைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டும். அன்றியும், ஹைடனின் அங்கங்கள் பலவற்றில் இப்பகுதிக்குப் பின்னும் 'கோடா' என்ற இறுதிச் சேர்க்கை வருகிறது. முடிப்புக்குப் பின் இன்னொரு முடிப்பா என்ற குழப்பம் எழும்.

'நிலை' என்ற சொல்லை நான் தேரிலிருந்து எடுக்கிறேன். நான்கு வீதிகளையும் சுற்றிய தேர் புறப்பட்ட இடத்தை அடையும்போது, 'தேர் நிலைக்கு வந்தது' என்கிறோம். அந்த 'நிலை' புறப்பாட்டுக்கும் திரும்புகைக்கும் உரிய ஓரிடம்; இசையில் தொடக்கச் சுருதியும் அதுவே. எனவே தொடக்கச் சுருதியை 'நிலைச்சுருதி' என்றும், அதற்குத் திரும்பித் தங்கும் பகுதியை 'நிலைமீள்வு' என்றும் வழங்கலாம். 'ஆதார சுருதி' என்ற பழகிய சொல் இருக்க, புதிய சொல் எதற்கு என்று கேட்கப்படலாம். ஆதார சுருதி விடாமல் ஒலிப்பது; சிம்பொனியில் நிலைச்சுருதியை எந்தக் கருவியும் தொடர்ந்து ஒலிப்பதில்லை, கேட்பவரே அதை நினைவில் ஏந்திச் செல்ல வேண்டும். இரண்டும் வேறு என்பதால் பெயரும் வேறாக இருப்பதே நல்லது. 'மீட்சி' என்று முடிக்காமல் 'மீள்வு' என்றதற்குக் காரணம், முன்னதில் சமயப் பொருள் அழுத்தமாக ஏறியிருப்பதுதான்.

இச்சொல்லால் இன்னொரு வசதியும் உண்டு. ஹைடன் சில இடங்களில் நடுப்பகுதிக்குள்ளேயே முதல் மெட்டை முழு உருவில் கொண்டுவந்து, மூன்றாம் பகுதி வந்துவிட்டது போன்ற தோற்றத்தை உண்டாக்குவார். பி ஃபிளாட் மேஜரில் அமைந்த 102ஆம் சிம்பொனியின் முதல் அங்கத்தில் ஓர் அமைதிக்குப் பின் புல்லாங்குழல் அந்த மெட்டை எடுக்கிறது, ஆனால் சி மேஜரில். மெட்டு சரி, சுருதி தவறு. 'மறுகூறல்' என்ற சொல்லை ஏற்றால், கூறியது மறுபடி கூறப்பட்டுவிட்டதே, இதில் போலி எங்கே என்ற கேள்வி வரும். 'நிலைமீள்வு' என்றாலோ இதைப் 'போலி மீள்வு' என ஒரு தொடரில் சொல்லிவிடலாம்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மொசார்ட் 1788இல் எழுதிய சி மேஜர் பியானோ சொனாட்டாவின் முதல் அங்கத்தில், மூன்றாம் பகுதி எஃப் மேஜரில் தொடங்கிச் சற்றுப் பிந்தியே சி மேஜரை அடைகிறது. பாடநூல்கள் மெட்டு திரும்பிய இடத்திலிருந்தே ரீகேபிட்யுலேஷனைக் கணக்கிடுகின்றன. என் சொல்லின்படி, நிலைமீள்வு சி மேஜர் வந்த பிறகே தொடங்கும். இத்தகைய அங்கங்களில் மெட்டு திரும்பும் இடத்துக்கு 'மெட்டுமீள்வு' எனத் தனிப்பெயர் தந்து இரண்டையும் பிரித்துக் குறிப்பதா, அல்லது பகுதி முழுமைக்கும் 'நிலைமீள்வு' என்றே வைத்துக்கொண்டு இதை விதிவிலக்காகச் சொல்வதா? நான் முதல் வழியை விரும்புகிறேன். மேலையிசை பயிற்றுவிக்கும் நண்பர்கள் மாணவர்களுக்கு எது எளிதாக இருக்கும் என்பதைத் தெரிவித்தால், சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் விளக்கக் குறிப்பை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்