பழைய ராலி சைக்கிளுக்கு டைனமோ ஹப் வேணும், புதுச்சேரி கடலூர் பக்கம் எங்க தேடலாம்?

முத்தியால்பேட்டை_ராலி

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டுன ராலி, ராட் பிரேக் வண்டி, அதை ரெடி பண்ணிக்கிட்டு இருக்கேன். பெயிண்ட்ட தொடல, துரு மட்டும் எடுத்து ஓவராயில் முடிச்சாச்சு, செயின் கவர், சீட்டு, பின் வீல் எல்லாம் ஒரிஜினல், ஹெட்லைட்ல கூட ஸ்டர்மி ஆர்ச்சர்னு எழுத்து தெளிவா இருக்கு. முன் வீலை மட்டும் யாரோ எப்பவோ மாத்தி லோக்கல் ஹப் (வீல் நடுவுல அச்சு மேல சுத்துற பாகம்) போட்டிருக்காங்க. லைட்லேர்ந்து ரெண்டு ஒயர் போர்க் வழியா இறங்கி அச்சுப் பக்கத்துல சும்மா தொங்குது, டயர்ல உரசுற டைனமோ மாட்டுன தடம் போர்க்ல எங்கயுமே இல்ல, அதனால ஹப்புக்குள்ளயே டைனமோ இருந்த வண்டின்னு நினைக்கிறேன். இங்க டவுன்ல கடை கடையா கேட்டுட்டேன், எல்லாரும் டயர்ல உரசுற மில்லர் டைனமோவத்தான் எடுத்துக் காட்டுறாங்க. இந்த வண்டியில எது இருந்துச்சோ அதையே மாட்டணும்னு ஆசை. எங்க கிடைக்கும், எதைப் பாத்து வாங்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓல்டு_டவுன்_கடலூர்

கரெக்டா கண்டுபிடிச்சிருக்கீங்க தம்பி, அது டைனோஹப் வண்டியேதான், ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செஞ்ச டைனமோ ஹப்புக்கு அதுதான் பேரு. 1930கள் கடைசியில 12 வோல்ட்டா வந்துச்சு, அப்புறம் 8 வோல்ட், ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்புறம் 6 வோல்ட், அதுக்குப் பேரு ஜி.எச்.6. 1980கள் வரைக்கும் அதைத்தான் செஞ்சாங்க, அதனால நீங்க தேட வேண்டியதும் அதுதான். ஸ்டர்மி ஆர்ச்சர் அப்போ ராலிக்கே சொந்தம், ஹம்பர், ரட்ஜ்ங்கற சைக்கிள் பிராண்டுகளும் அதே கம்பெனி கைக்குப் போயிடுச்சு, சோ ராலின்னு மட்டும் தேடாம இந்த ரெண்டு பேரையும் பாத்தா விடாதீங்க. ஹப் மேலயே மாடல் பேரும் வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பரும் குத்தியிருக்கும், தாத்தா வண்டி வருஷத்துக்கு ஒத்து வருதான்னு பாத்துக்கலாம்.

கடைக்காரங்க கிட்ட டைனமோ ஹப்புன்னு கேட்டா புரியாது. "முன் வீல் நடுவுல சாசர் அளவுக்கு பெரிய டப்பா வச்ச பழைய சீமை சைக்கிள் வீல் இருக்கா"ன்னு கேளுங்க, ஒருதடவை பாத்தவங்களுக்கு டக்குனு ஞாபகம் வந்துடும். ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு காலையிலயே போயிடுங்க. ஆனா என் அனுபவத்துல நல்ல சாமான் கடைக்கு வர்றதே இல்ல, பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் கிராமத்து வீடுங்கள்ல மாட்டுக் கொட்டாய் பரண்ல கிடக்கும், அந்த ஊர் பழைய சைக்கிள் மெக்கானிக்குங்களுக்குத்தான் எந்த வீட்டுல எந்த வண்டி நிக்குதுன்னு தெரியும், அவங்கள புடிங்க. காரைக்குடி பழைய சாமான் கடைங்கள்லயும் பாக்கலாம், விலை கொஞ்சம் கூடவே சொல்லுவாங்க.

இன்னொன்னு, இங்கிலாந்துல முன் வீலுக்கு 32 போக்ஸ் கம்பி, பின் வீலுக்கு 40, நம்ம ஊரு 28 இஞ்ச் வண்டிக்கும் அதே கணக்குதான். 32 ஓட்டை ஜி.எச்.6 கிடைச்சா உங்க ரிம்மையே வச்சு கோக்கலாம். கம்பி மட்டும் புதுசா வெட்டணும், ஹப் பெருசுங்கறதால பழைய நீளம் ஒத்து வராது.

காயில்_கட்டுறவன்

அண்ணன் எங்க தேடணும்னு சொல்லிட்டாரு, நான் வாங்குறப்ப பாக்க வேண்டியத சொல்றேன். டப்பாக்குள்ள 20 துருவம் உள்ள காந்த வளையம், அதுக்கு நடுவுல காயில். வீல் சுத்துனா காந்தம் சுத்தும், காயில் அச்சோட நிக்கும், உரசல் கிடையாது. அச்ச கையால மெதுவா திருப்புங்க, விட்டு விட்டு இழுக்குற மாதிரி கைக்குத் தெரியணும், அப்படின்னா காந்தம் உயிரோட இருக்கு. வழுவழுன்னு சுத்துச்சுன்னா காந்தம் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அப்புறம் ரெண்டு டெர்மினல்லயும் மல்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பாருங்க, கொஞ்சூண்டு காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா உள்ள எங்கயோ கட். கடைசியா மீட்டர ஏசி வோல்ட்டுல போட்டு வீல வேகமா சுத்தி விடுங்க.

கடலோரத்துல கிடந்த ஹப்புன்னா டெர்மினல் நட்டு துருப்புடிச்சு இறுகியிருக்கும், முறுக்கி ஒடச்சிடாதீங்க, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க.

முத்தியால்பேட்டை_ராலி

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வில்லியனூர்ல ஒரு காயலாங்கடையில நீங்க சொன்ன மாதிரியே முழு வீலா ஒண்ணு இருக்கு, போட்டோ வந்துச்சு, ஜி.எச்.6ன்னு தெரியுது! உள்ள காப்பர் இருக்கான்னு வேணும்னா பிரிச்சே காட்டுறேன்னு கடைக்காரர் சொல்றாரு, பிரிக்க சொல்லவா?

காயில்_கட்டுறவன்

வேணவே வேணாம், இப்பவே போன் பண்ணி நிறுத்துங்க! காந்தத்துக்குள்ளேர்ந்து காயில அப்படியே உருவினா காந்த சக்தி பெரும்பகுதி அங்கயே போயிடும், திரும்ப உள்ள வச்சாலும் வராது. பழைய காலத்து காந்தத்தோட குணம் அது. நல்ல நல்ல ஹப்பெல்லாம் இப்படி ஆர்வத்துல பிரிச்சு பாத்துதான் வீணாப் போச்சு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். கட்டாயம் கழட்டணும்னா காயில் வெளிய வர வர அதே இடத்துக்கு ஒரு இரும்பு வளையம் உள்ள போகணும், நடுவுல இடைவெளியே விழக்கூடாது. பால்ரஸ் மாத்தி கிரீஸ் வைக்க காந்தத்தையும் காயிலையும் பிரிக்கவே தேவையில்ல, ரெண்டையும் சேத்தே வெளிய எடுக்கலாம்.

வெள்ளக்கேட்_சைக்கிள்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் ராத்திரி ஓட்டப் போறீங்கன்னா ஷிமானோ கம்பெனியோட புது டைனமோ ஹப் வாங்கிடலாம், அது 6 வோல்ட் 3 வாட், பழசு 2 வாட்டுதான். ஆனா அது 100 மில்லி அகலம், அச்சு 9 மில்லி, பழைய ராலி போர்க்க விரிச்சு ஓட்டைய ராவணும்.

ஓல்டு_டவுன்_கடலூர்

தாத்தா போர்க்குல அரம் வைக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. 2 வாட் போதும், பல்பை சரியா போட்டா. முன்னாடி 6 வோல்ட் 0.25 ஆம்ப், பின்னாடி 0.04 ஆம்ப், அதுதான் இந்த ஹப்புக்கு அளவு. டயர்ல உரசுற டைனமோவோட 0.5 ஆம்ப் பல்ப மாட்டிட்டு வெளிச்சமே இல்லன்னு ஹப்ப குறை சொல்றவங்கதான் நிறைய. அந்த பல்ப் கிடைக்கலன்னா அதே ஹெட்லைட் கூண்டுக்குள்ள எல்இடி வச்சிடலாம், ஏசி கரண்ட் வர்றதால நடுவுல ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் போடணும், வெளிய ஒண்ணும் தெரியாது.

வில்லியனூர் வீல முழுசாவே வாங்கிடுங்க, கம்பிய அங்க வெட்ட விடாதீங்க. போறப்ப மீட்டர் எடுத்துட்டு போங்க. கோட்டம் எடுக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, மஞ்சக்குப்பத்துல 32 கம்பி பெரிய ஹப் கோத்து பழகுன பெரியவர் ஒருத்தர் இன்னமும் கடை வச்சிருக்காரு, நான் கூட்டிட்டுப் போறேன்.

முத்தியால்பேட்டை_ராலி

போன் பண்ணிட்டேன்ணே, பிரிக்கல, அப்படியே வச்சிருக்காரு. நாளைக்கு சாயங்காலம் மீட்டரோட போறேன், ரீடிங் என்ன வருதுன்னு இங்கயே போடுறேன்.