நெட்பால் ஆடினவங்க, பார்த்தவங்க: இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

கொக்கு_தண்டையார்பேட்டை

நானே ஆரம்பிக்கிறேன். 2018 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை. ஆசிய நெட்பால் ஃபைனல், சிங்கப்பூரும் இலங்கையும். நான் ஆட்டத்தை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. பிளஸ் ஒன்னிலேயே ஐந்தடி பதினோரு அங்குலம். தெருவில் பெயர் கொக்கு. வீட்டில் "இன்னும் குதிச்சு குதிச்சு வளர்ந்தா எவன் கட்டுவான்". ஜிகே (கோல் கீப்பர்) என்று எழுதிய என் பிப்பை, சட்டைமேல் மாட்டுகிற அந்தத் துணியை, அம்மா பழைய துணியோடு பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டார். சரி, அதை விடுங்கள்.

அப்பா காசிமேட்டிலிருந்து வந்து, சோப்பு போட்டும் மீன் வாடை போகாத கையோடு என் போனை எட்டிப் பார்த்தார். இலங்கைக்குக் கோல் போடுகிற தர்ஜினி சிவலிங்கம் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறடி பத்து அங்குலம். யாருக்கும் எட்டாத உயரத்தில் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அவர் குதிக்கக்கூட மாட்டார், கையை நீட்டி எடுப்பார், திரும்புவார், போடுவார். டிஃபெண்டர்கள் அவர் முழங்கைக்குக் கீழே குதித்துக்கொண்டிருப்பார்கள்.

வர்ணனையில் 'சிவலிங்கம்' என்று காதில் விழுந்ததும் அப்பா போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நம்ம பேரா இருக்கே?"

"தமிழ்தாம்பா. யாழ்ப்பாணம்."

அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. 69-50, இலங்கைக்குக் கோப்பை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று இன்று வரை பிடிபடவில்லை. திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை.

சாய்ஞ்ச_கம்பம்

கொக்கு, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் அவர் உயரத்தையே பேசுகிறீர்கள். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் 348 கோல், அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு போடவில்லை. உயரம் மட்டும் இருந்தால் ஆகிற காரியமா? போஸ்டுக்குப் பின்னால் போர்டே கிடையாது. பாஸ்கட்பால் மாதிரி பலகையில் அடித்து உள்ளே தள்ள முடியாது. வளையத்துக்குள் நேராக இறங்கணும்.

இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. வியாசர்பாடியில் எங்கள் பி.டி. சார் வெல்டிங் கடையில் சொல்லி, பத்தடி பைப்பில் வளையம் வைத்து, லாரி டயரில் கான்கிரீட் கொட்டி நிறுத்தியிருந்தார். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் அது ரயில்வே லைன் பக்கம் சாய்ந்துவிட்டது. எங்களுக்கு அது பழகிப்போச்சு. கோல் அட்டாக் நான், கோல் போடுகிற இடம். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும், கணக்கு "ரெண்டு விரல் லெஃப்ட்".

ஸ்டேட் செலக்ஷனுக்குப் போனேன். அங்கே கம்பம் நேராக இருந்தது.

பந்து கைக்கு வந்து மூன்று செகண்டுக்குள் விட்டாகணும், யோசிக்க ஏது நேரம்? கை தானாக ரெண்டு விரல் லெஃப்டுக்குப் போகிறது. ஏழு ஷாட். ஏழும் விளிம்பில் பட்டு இடது பக்கமே விழுந்தன. குவார்ட்டர் முடிந்ததும் ஒரு மேடம் வந்து என் முதுகிலிருந்த பிப்பைப் பிரித்தார். வெல்க்ரோ 'பர்ர்ர்'. இன்றைக்கும் பி.பி. பார்க்கும்போது அந்தப் பட்டையைப் பிரித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

கொருக்குப்பேட்டை_மாமா

என் அக்கா மகளை மாவட்ட செலக்ஷனுக்குக் கொட்டுகிற மழையில் கூட்டிப்போனேன். பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ்தான் இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்வரை அவள் ஷூ லேஸை அவிழ்க்கவே இல்லை.

அதனால் பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. ஒரிஜினலை எடுத்துப் போங்கள். லேமினேட் பண்ணாதீர்கள், பின்னால் சீல் வைக்க இடம் இருக்காது. ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக் கேட்கிற சான்றிதழ், மாநிலத்துக்காக நேஷனல்ஸ் ஆடினால் ஃபார்ம் 2, இந்தியாவுக்கு ஆடினால் ஃபார்ம் 1. கோப்பை அலமாரியில் தூங்கும், வேலைக்குக் காகிதம்தான் பேசும். இன்னொன்று, நெட்பால் ஒலிம்பிக்கில் இல்லை, ஆசியன் கேம்ஸிலும் இல்லை. வளர்த்தியான பிள்ளை என்றால் வாலிபாலில் போடுங்கள், இல்லை கைப்பந்து... ரெண்டும் ஒன்றுதான், பாஸ்கட்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரெண்டு முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை. பரோட்டா கூடாது.

பெரம்பூர்_லோகோ

மாமா, காமன்வெல்த்தை விட்டுவிட்டீர்கள். 1998 கோலாலம்பூரிலிருந்து அதில் நெட்பால் இருக்கிறது. 2010 டெல்லியில் இந்தியப் பெண்களும் ஆடினார்கள்.

அப்போது வேலை விஷயமாக டெல்லியில் இருந்தேன். ஒருத்தர் டிக்கெட் கொடுத்தார். தியாகராஜ் ஸ்டேடியம், பெயரைக் கேட்டதும் நம்ம வண்ணாரப்பேட்டை காலேஜ் ஞாபகம். உட்கார்ந்தபின் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பாஸ்கட்பால் மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுகிற சத்தம் இல்லை, நெட்பாலில் அப்படி ஓடக் கூடாது. ஷூ கிறீச்சிடும், ஒருத்தி பெயரை இன்னொருத்தி கத்துவாள், விசில். அவ்வளவுதான்.

ஃபைனல், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். கூட்டம் கிளம்பினால் ஆட்டோ கிடைக்காது என்று கடைசி குவார்ட்டர் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். காலையில் பேப்பரில் பார்க்கிறேன்: டை, எக்ஸ்ட்ரா டைம், திரும்பவும் எக்ஸ்ட்ரா டைம், 66-64, நியூசிலாந்து. ஆட்டோவுக்கு மிச்சம் பிடித்தது நாற்பது ரூபாய் இருக்கும்.

கொக்கு_தண்டையார்பேட்டை

மாமா, இங்கே யாரும் ஃபார்ம் கேட்கவில்லை. நான் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன், முட்டை சாப்பிட்டு இனி எங்கே வளர்வது?

சொல்ல விட்டுப்போனது ஒன்று. 2022-இல் இலங்கை மறுபடியும் சிங்கப்பூரை ஜெயித்ததே, அன்று அப்பாவே போன் பண்ணினார். "அந்த நெட்டைப் பொண்ணு திரும்ப ஜெயிச்சிடுச்சாமே, டீக்கார பையன் காட்னான்." பின்னால் ஏலச் சத்தம். அப்போது எனக்குக் கல்யாணம் முடிந்து எட்டு மாதம். வீட்டுக்காரர் என்னைவிட மூன்று அங்குலம் குட்டை, அதை அவர்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

சாய்ஞ்ச கம்பம், அந்தக் கம்பம் இன்னும் இருக்கா?

சாய்ஞ்ச_கம்பம்

இருக்கு. வளையம்தான் போச்சு. கொடி கட்டியிருக்காங்க. போன வாரம் போனப்ப ஒரு பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது, ரயில்வே லைன் பக்கம் தரையைத் தொட்டபடி.