ஜாக்கியை இறக்கிய பிறகும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஏன்?

கேட்டவர்: புதுஸ்பானர்

வணக்கம். இன்று மாலை முன் பிரேக் பேட் இரண்டு பக்கமும் நானே மாற்றினேன். இதுதான் முதல் தடவை. காரைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, வேலையை முடித்து, மெதுவாகத்தான் இறக்கினேன். ஆனால் முன்பக்கம் இறங்கவே இல்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வழக்கமாக மூன்று விரல் போகும். இப்போது கை முழுதாக நுழைகிறது. டயர்களின் அடிப்பாகம் உள்ளே ஒடுங்கினது போலவும் தெரிகிறது. ஷாக் அப்சார்பர் எங்காவது சிக்கிக்கொண்டதா? காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்ப வேண்டும், மனசு ஒரு நிலையில் இல்லை. கார் இறக்கிய இடத்திலேயே நிற்கிறது, இன்னும் நகர்த்தவில்லை.

பதில்: நாலுசக்கரம்

ஒன்றும் உடையவில்லை, பயப்படாதீர்கள். பத்து மீட்டர் முன்னே போய்ப் பின்னே வந்தாலே உட்கார்ந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் பிரேக் பெடலை மிதித்தீர்களா? பேட் மாற்றும்போது பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போகும், பிரேக் பிடிக்காது. கார் அசைவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதியுங்கள். இதை மறந்து சுவரில் கொண்டுபோய் இடித்தவரை எனக்கு நேரில் தெரியும்.

பதில்: பழையபட்டறை

தம்பி, மேலே சொன்ன பிரேக் விஷயத்தை முதலில் செய்துவிடுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

ஒரு சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, விரல் நுனி சுவரைத் தொடும்படி வையுங்கள். இப்போது கையை மடக்காமல் கொஞ்சம் கீழே இறக்குங்கள். நுனி சுவரை விட்டு விலகும். உங்கள் காரின் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க் கை, செய்வதும் இதைத்தான். காரைத் தூக்கினதும் சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் வட்டமாகக் கீழே போகிறது, அதன் நுனி உள்ளே வருகிறது. ஆர்ம் 350 மி.மீ. நீளம், தரையில் நிற்கும்போது மட்டமாக இருக்கிறது, தூக்கினால் 80 மி.மீ. தொங்குகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 9 மி.மீ. உள்ளே வருகிறது.

இறக்கும்போது அந்த 9 மி.மீ.யும் திரும்ப வெளியே போக வேண்டும். ஆனால் டயர் தரையில் பட்டதும் அதன்மேல் பாரம் ஏறிவிடுகிறது. காங்கிரீட்டில் ரப்பர் பக்கவாட்டில் வழுக்குமா? வழுக்காது. பிடித்துக்கொண்டு நிற்கும், காரும் மேலேயே நிற்கும். சக்கரம் உருளத் தொடங்கினால்தான் டயர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து இடம் பிடிக்கும். ஒரு தடவை இறக்கின கையோடு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். இரண்டு தடவை முன்னே பின்னே உருட்டிவிட்டு மறுபடி அளந்தால் 31 மி.மீ. குறைந்திருந்தது.

பின்பக்கத்தைத் தூக்கும்போதும் இப்படி ஆகும், காரணம் வேறு. நிறைய கார்களில் பின் சக்கரம் டிரெயிலிங் ஆர்மில், அதாவது முன்னால் கீல் போட்டுப் பின்னோக்கி நீளும் கையில், இருக்கிறது. இறங்கும்போது அது முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் உருள வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எப்படி உருளும்? சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பாருங்கள், பாதி அங்கேயே இறங்கிவிடும்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தினீர்களா? ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் (நடுவில் உலோகக் குழாய் உள்ள ரப்பர் வளையம்) இருந்தால், போல்ட்டை இறுக்கினதும் அந்த உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் கீழே நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். எவ்வளவு உருட்டினாலும் உயரம் சரியாகாது. நான் ஒரு முறை புதுப் புஷ் போட்டு அந்தரத்திலேயே முழு டார்க்கில் (இறுக்கு விசையில்) இறுக்கினேன். ஒரு வருஷத்துக்குள் கிழிந்து தொங்கியது. ஒரு நாள் முழுக்க அழுத்திப் போட்ட புஷ் அது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, காரின் பாரம் முழுதும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு.

பதில்: அலைன்மென்ட்காரன்

அண்ணன் சொன்னதற்காகத்தான் எங்கள் வீல் அலைன்மென்ட் மேடையில் முன் டயருக்கு அடியில் சுழலும் தட்டு வைத்திருக்கிறோம், டயர் தடையில்லாமல் நகர. உருட்ட இடம் இல்லாதவர்கள் இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவி டயருக்கு அடியில் வைத்து இறக்கலாம். வீல் நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்: புதுஸ்பானர்

ஆர்ம் போல்ட் எதையும் தொடவில்லை அண்ணா. பெடலை மிதித்தேன், முதல் இரண்டு மிதி நிஜமாகவே அடிவரை போனது. நாலாவதில் கெட்டியானது. அப்புறம் கேட் வரை போய்த் திரும்பினேன். மறுபடி மூன்று விரல்! ஆனால் வலது பக்கம் மட்டும் ஒரு நூல் உயரமாகத் தெரிகிறது.

பதில்: பழையபட்டறை

ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா, தரை மட்டமா என்று பாருங்கள். காலையில் நாலு திருப்பம் ஓட்டிவிட்டு, விரலை விட்டுவிட்டு டேப்பால் அளந்து இரண்டு பக்க எண்ணையும் இங்கே போடுங்கள்.