கடைசி வரி வரைக்கும் படித்தேனே, அப்புறம் எப்படி?

எனக்குச் சுகர் வந்து 13 வருடம் ஆகிறது. கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுத்தைப் படித்துக் காட்டுவேன். கடைசி வரி வரைக்கும் வந்துவிடும். அதுதான் கண் பரிசோதனை என்று நினைத்திருந்தேன்.

போன மார்கழியில் ஒரு காலை, பேப்பர் படிக்கும்போது இடது கண்ணில் ஒரு கறுப்பு நூல். ஒட்டடை விழுந்துவிட்டதென்று கண்ணைக் கசக்கினேன். கண்ணாடியை வேட்டி முனையால் இரண்டு தடவை துடைத்தேன். நூல் போகவில்லை, கண்ணைத் திருப்பின பக்கமெல்லாம் மிதந்து வந்தது. சாயங்காலத்துக்குள் புகை மூட்டம் போல ஆகிவிட்டது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணின் பாப்பா விரிந்ததும் டாக்டர் வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். சுகரால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் அடைபட்டால் உடம்பு புதுக் குழாய்களை முளைக்க வைக்குமாம். அவை மெல்லியவை, லேசில் உடைந்துவிடும். எனக்கு உடைந்து ரத்தம் கசிந்திருந்தது; அதுதான் அந்தக் கறுப்பு நூல்.

“கடைசி வரி வரைக்கும் படித்தேனே டாக்டர்?”

“விழித்திரையின் நடுவில், எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கிற இடம் மேக்குலா. அது நன்றாக இருக்கிற வரை படிப்பீர்கள். சுற்றி நடப்பது உங்களுக்குத் தெரியாது.”

மூன்று தடவையாக லேசர் வைத்தார்கள். தாடையை மெஷினில் பதித்ததும் பச்சை வெளிச்சம் படபடவென்று அடிக்கும். கடைசித் தடவை சுருக்சுருக்கென்று வலித்தது. முடிந்ததும் பார்வை பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படியில்லை, லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். இப்போது இருட்டில் படி இறங்கும்போது கொஞ்சம் தடுமாற்றம்.

பதில்: என் கதை வேறு சார். பார்வை மங்குகிறதே என்று 4,000 ரூபாய்க்குக் கண்ணாடி போட்டேன். அடுத்த வாரமே சுகர் 380 என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்தில் அந்தக் கண்ணாடி ஒத்துவரவில்லை. சுகர் ஏறி இறங்கினால் கண்ணின் லென்ஸ் உப்பி வற்றி பவர் மாறுமாம்; கட்டுக்குள் வந்து நிலைத்த பிறகுதான் கண்ணாடி போட வேண்டுமாம். எனக்கு இப்போதுதானே வந்திருக்கிறது, நானும் சொட்டு விட்டுப் பார்க்கணுமா?

பதில்: உடனே பாருங்கள் தம்பி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற டைப் 2 சுகர், கண்டுபிடிக்கும் முன்னாலேயே சில வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கும். அப்புறம் வருடம் ஒரு தடவை. என் அம்மாவுக்கு மேக்குலாவில் நீர் கோத்து, கண்ணுக்குள் ஊசி என்றார்கள். “செத்தாலும் மாட்டேன்” என்று அழுதார். மரத்துப்போகச் சொட்டு விட்டுப் போட்டார்கள். வெளியே வந்து, “எப்போ போடுவாங்க?” என்று கேட்டார்! மாதம் ஒன்றாக நான்கு ஊசி ஆகியிருக்கிறது. இப்போது பஸ் நம்பரைத் தானே படிக்கிறார்.

பதில்: முதல் பதிவு போட்டவன்தான். தம்பி, சொட்டு விடுகிற அன்றைக்குப் பைக்கில் போகாதீர்கள். நான் போய், மத்தியான வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரி எதிர் டீக்கடையில் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ, சர்க்கரை இல்லாமல்.