லினக்ஸில் ஆக்‌ஷன் விளையாட்டுகள்: இன்னும் மனத்தை அரிக்கும் ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

வேளச்சேரி வாசகர்

விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அன்று எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். அதற்குள் இறுதி எதிரியை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஷேடர்கள் (தீ, நிழல், ஒளி போன்றவற்றைத் திரையில் வரையும் சிறு நிரல்கள்) தயாராகின்றன என்று விளையாட்டுக் கடையான ஸ்டீம் காட்டிய பெட்டியில் ‘தவிர்’ என்பதை அழுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். பாதி உயிர் போனதும் அவன் வாளில் தீப்பற்றியது. அதைத் தலைக்கு மேலே ஓங்கினான். நான் உருண்டு விலகும் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் படம் அப்படியே நின்றது, இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. படம் மீண்டும் அசைந்தபோது வாள் தரையில் புதைந்திருந்தது, நான் செத்துக் கிடந்தேன். அடுத்த ஆட்டத்தில் அதே தீ, அதே ஓங்கல், ஆனால் துளித் தடங்கலும் இல்லை, வென்றேன். இருந்தாலும், படம் நிற்காமல் இருந்திருந்தால் முதல் முறையே விலகியிருப்பேனா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

குரோம்பேட்டையிலிருந்து

‘தவிர்’ பொத்தானை அழுத்தியவரே, படம் ஏன் நின்றது என்பதற்கான விடையையும் எழுதிவிட்டார். எனக்கும் கார் பந்தயத்தின் ஒரு வளைவில் இப்படி நடந்து வண்டி சுவரில் மோதியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு லினக்ஸே தடுமாறும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஷேடர்களை, புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அதை உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும் இயந்திரக் குறியீடாகத் தொகுப்பது, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வேலை. அந்தத் தீ முதன்முதலாகத் திரைக்கு வரும்போதுதான் இந்த வேலை தொடங்குகிறது என்றால் படம் நிற்கத்தான் செய்யும். தொகுத்தது சேமிக்கப்படுவதால் இரண்டாம் முறை நிற்காது. ஸ்டீம் காட்டும் அந்தப் பெட்டி இதை முன்கூட்டியே முடிப்பதற்காகத்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, டிரைவரும் இடம் கொடுத்தால், ஷேடர் ஏற்றப்படும்போதே பெரும்பகுதியைத் தொகுத்துவிடும். ஆகவே பழைய டிரைவரோடு காலம் தள்ளாதீர்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸோடு பங்கிடும், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையிலுள்ள டிரைவில் விளையாட்டுகளை வைக்காதீர்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் புரோட்டான் ஒரு போலி சி டிரைவை அமைக்கிறது. அதற்கான இணைப்பின் பெயரில் முக்காற்புள்ளி (:) வருகிறது, விண்டோஸோ கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்பதில்லை. விளையாட்டு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால் முதலில் இதைப் பாருங்கள். லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4 உள்ள டிரைவில் இந்தத் தொல்லை இல்லை.

கிண்டி விடுதி, பழைய மாணவர்

விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் நம் சென்னை மையத்தில் உருவானதுதான் அது. பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை, நான் அதில் ஓப்பன் அரீனா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை நிறுவினேன். ரிச்சி தெருவில் வாங்கிய நெட்வொர்க் ஸ்விட்சில் விடுதி அறைகளையெல்லாம் இணைத்து இரவு முழுவதும் சுட்டுக்கொள்வோம். நாங்கள் ஆடிய களத்தில் படிக்கட்டே இல்லாத ஒரு மேடை இருந்தது. நான் தாவினால் விளிம்பில் கால் பதிந்துவிடும், என் அறை நண்பன் தாவினால் ஒரு சாண் குறையும். ஒருநாள் மேலே நின்றபடி அவனை வீழ்த்தினேன். அவன் எழுந்து வந்து, என் மடிக்கணினியை எல்லார் முன்னாலும் தன் பக்கம் திருப்பி, “இதுல என்னடா போட்டு வெச்சிருக்க?” என்று கேட்டான்.

எதுவும் போட்டு வைக்கவில்லை. 2005-இல் மூலநிரல் வெளியிடப்பட்ட குவேக் 3 விளையாட்டின் எஞ்சின்தான், அதாவது அதை இயக்கும் நிரல்தான், ஓப்பன் அரீனாவுக்கு அடிப்படை. அது ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், வீரனின் வேகத்தை முழு எண்ணாக்கும். நான் நொடிக்கு 125 பிரேம் என்று வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு பிரேமிலும் மேலெழும் வேகத்தை ஈர்ப்பு 6.4 குறைக்க வேண்டிய இடத்தில் 6 மட்டுமே குறைக்கும், ஆகவே தாவல் உயரும். அவன் வைத்திருந்த 85-இல் 8.8 என்பது 9 ஆகிவிடும், தாவல் தாழும். இந்தக் கணக்கைப் படித்தபோது கல்லூரி முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவனுக்கு அனுப்பினேன், “இப்பவும் கதை விடுற” என்று பதில் வந்தது.

அம்பத்தூர்

குரோம்பேட்டை ஐயா எல்லாவற்றையும் டிரைவரில் முடித்துவிடுகிறார். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு எந்த டிரைவரைப் போடுவது? ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற அப்படிப்பட்ட இரண்டு மென்பொருள்களுமே 2021-இல் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அதைத் திறந்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது விளையாட்டை உருவாக்கியவர்கள். நானும் என் சித்தப்பா பிள்ளைகளும் வாரக் கடைசியில் சேர்ந்து ஆடிய விளையாட்டு முதல்நாள் இரவு வரை ஓடியது. மறுநாள் இந்தக் கணினிக்கு அனுமதியில்லை என்ற ஒரு வரியோடு வெளியே தள்ளியது. காதில் ஹெட்போன் இருந்தது. “அண்ணா, ஹெலிகாப்டர் கிளம்புது, ஏறு” என்று தம்பி கத்திக்கொண்டே இருந்தான். விண்டோஸையும் அதே கணினியில் போட்டுக்கொள் என்ற டூயல் பூட் ஆலோசனை வேண்டாம், தயவுசெய்து.

மயிலாப்பூர் அப்பா

டூயல் பூட்டைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. பழைய விளையாட்டென்றால் தொல்லையே இல்லை என்று பலர் நினைப்பதால் எழுதுகிறேன். பொங்கல் விடுமுறையில் மகனோடு, பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் காண்ட்ரா ஆடினேன், டிவி கேம் காலத்தில் நான் கரைத்துக் குடித்த விளையாட்டு. மூன்றாம் கட்டத்து அருவியில் இருவரும் சேர்ந்தே ஏற வேண்டும், ஒருவர் முந்தினால் திரை நகர்ந்து கீழே இருப்பவர் சாவார். பொத்தானை அழுத்துகிறேன், வீரன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான். மகன் மேலே போய்க்கொண்டே இருந்தான், அவன் ஏறிய ஒவ்வொரு படிக்கும் நான் ஓர் உயிரை விட்டேன்.

டிவி படத்தை மெருகேற்றுவதில் எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி. அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடை டிவியில் போட்டு, விளையாட்டின் உள்தாமதத்தைக் குறைக்க 2018-இல் ரெட்ரோஆர்ச்சில் சேர்ந்த ரன்-அஹெட் வசதியை ஒரு பிரேமுக்கு வைத்ததும் குதிப்பு கைக்கு வந்தது. ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லி நொடிதான், ஆனால் கட்டைவிரலுக்கு அது தெரிகிறது. அருவியைத் தாண்டிவிட்டோம். தாமதமெல்லாம் சாக்கு, எனக்கு வயதாகிவிட்டது என்பது மகனின் கட்சி. அதை நான் ஏற்கவில்லை.